பாதிக் குதிரை இப்போது பல் டாக்டரிடம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது, சமதரையில் பேச்சு மூச்சு இல்லை. என் உடம்பில் வாயைத் தவிர மற்றதெல்லாம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு படுக்காமல், உன்னோடு சேர்ந்து ஓவியக்கூடம் திறக்கப்போகிற இரண்டு தோழிகளோடும் சண்டை போடாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். சண்டை போட்டிருந்தால் யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி விடாமல் எழுது, எனக்கு இங்கே பொழுது போகவில்லை. மாடி வீட்டுக்காரர் புதிதாக நடைப்பயிற்சி இயந்திரம் வாங்கியிருக்கிறார். அவர் இரண்டு கிலோ இளைப்பதற்குள் நம் வீட்டுக் கூரை இறங்கிவிடும் போலிருக்கிறது. நம் துணி துவைக்கிற இயந்திரம் சுற்றும்போது அறையை விட்டு நடந்து வெளியே வருகிறது, அப்பா அதை ஒரு செங்கல் வைத்து மிரட்டி வைத்திருக்கிறார். சமையலறைக் குழாய் சரியாகிவிட்டது. பக்கத்துத் தெரு தையல்காரர் முன்பு தம்முடைய பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார், இப்போது தமக்கே பார்க்கிறாராம். இவ்வளவையும் எதற்கு எழுதுகிறேன் என்றால், சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வரப் பயமாக இருக்கிறது, அதுதான் தெருவெல்லாம் சுற்றிவிட்டு வருகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் முதல் வரி சொன்னதும் நீ அம்மா என்று ஒரு இழுவை இழுப்பாய், அதற்குப் பிறகு எனக்கு வார்த்தை வராது. காகிதத்தில் நீ என்ன கத்தினாலும் நான் எழுதியது எழுதியபடியே இருக்கும். ஆகையால் உட்கார்ந்துகொள், தண்ணீர் குடி, பிறகு படி. போன மாதம் நீ எழுதியிருந்தாயே, கூடத்தின் வாசல் சுவரில் உன் பாதிக் குதிரைக் காசைப் பதித்து, அது விட்டுப்போன மீதிக் குதிரையைச் சுவர் முழுக்க நீயே வரையப்போகிறாய் என்றும், அதுதான் கூடத்துக்குப் பெயர்ப்பலகை என்றும், வருகிற ஐந்தாம் தேதி வந்து காசை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றும். அந்தக் கடிதத்தை அப்பா காலையில் தேநீர் குடித்துக்கொண்டே எனக்குச் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு, அதிசயமாகக் கண் கலங்கி, "பாரு, சின்ன வயசுல செஞ்சதை இன்னும் மறக்கல. அந்தக் காசை எங்க வெச்சிருக்க?" என்று கேட்டார். நான், பத்திரமாக இருக்கிறது என்றேன். அது பொய்யில்லை. மிகவும் பத்திரமாக இருக்கிறது. இரட்டைப் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியில், வெல்வெட் துணியின் மேல், பல் டாக்டர் வீட்டில் இருக்கிறது.

கத்தி முடித்துவிட்டாயா. சரி, மேலே படி. அந்தக் காசு நம்மிடம் வந்த கதை உனக்குப் பாதிதான் நினைவிருக்கும், உனக்கு அப்போது ஒன்பது வயது. நம் பழங்காசு சங்கம் சலவைக்கடைக்கு மேல்மாடியில் கூடும், கீழே இருந்து நீராவி வந்து எங்கள் எல்லோருடைய சட்டையும் கூட்டம் முடிவதற்குள் தானாகவே மடிப்புக் கலைந்துவிடும். அன்றைக்கு வெளியூர் வியாபாரி ஒருவர் தட்டு நிறையக் காசு கொண்டுவந்திருந்தார். உனக்கென்று ஒரு காசு எடுத்துக்கொள் என்று நான் சொன்னேன். நல்லதாக, நடு சரியாக விழுந்ததாக, முகம் முழுசாகத் தெரிவதாகப் பார்த்து எடு என்று காதில் ஓதினேன். நீ தட்டையே கலைத்துப்போட்டு ஒரு காசை எடுத்தாய். ஒரு பக்கம் யாரோ ஒரு ராஜாவின் தலை. மறுபக்கம் குதிரை, அதாவது குதிரையின் தலை, கழுத்து, முன்னங்கால் இரண்டு. முதுகு பாதியோடு விளிம்பு வந்துவிட்டது. வாலும் பின்னங்காலும் காசுக்கு வெளியே, காற்றில். நான் தலையில் அடித்துக்கொண்டேன். நீ அந்த வியாபாரியிடம் போய் மீதிக் குதிரையைக் கொடுங்கள் என்று கேட்டாய். அவர் அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டார், விளையாட்டுக்கு. நீ அடுத்த வாரம் போய் நின்றாய். அவர் வரவில்லை. வீட்டுக்கு வந்து காசைச் சுவரில் ஒட்டுப்பட்டையால் ஒட்டி, நீலப் பேனாவை எடுத்து மீதிக் குதிரையை நீயே வரைந்துவிட்டாய், பின்னங்கால் சுவிட்சுப் பலகை வரைக்கும் போயிற்று. வால் ஜன்னலில் முடிந்தது. அப்பா உன்னைத் திட்டப் போய், திட்டாமல் குதிரைக்குக் குளம்பு போட்டுக்கொடுத்துவிட்டு வந்தார்.

இப்போது என் வியாதியைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது உனக்குப் புரியாது. இருபத்தாறு வருஷமாகக் கண்ணாடிக்கடையில் உட்கார்ந்து நான் செய்கிற வேலை ஒன்றுதான். எதிரில் உட்கார்ந்தவரின் கருவிழி எங்கே இருக்கிறது என்று அளந்து, லென்ஸின் நடுப்புள்ளியை அதற்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்துவது. இரண்டு மில்லிமீட்டர் தள்ளினாலும் தலைவலி, நாலு தள்ளினால் வாடிக்கையாளர் படியில் தடுக்கி என் மேல் வந்து விழுவார். ஆகையால் எதைப் பார்த்தாலும் நடுவில் இருக்கிறதா என்றுதான் என் கண் முதலில் போகிறது. சுவரில் மாட்டிய படம், தட்டில் வைத்த தோசைக்கல் அளவு ரொட்டி, அப்பாவின் வகிடு, ஒன்றையும் விட்டதில்லை. அப்பாவின் வகிட்டை இப்போது அளக்க வேண்டிய அவசியம் இல்லை, அது தானாகவே அகலமாகிவிட்டது. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு பழங்காசு சேர்க்கப் போனால் என்ன ஆகும். அந்தக் காலத்தில் உலோக வில்லையை அச்சின் மேல் வைத்து, மேலே இன்னொரு அச்சைப் பிடித்து, சுத்தியலால் ஓங்கி ஒரு போடு. அடித்தவர் பக்கத்தில் யாருடனாவது பேசிக்கொண்டிருந்தால் ராஜாவுக்குக் காது போயிற்று. இயந்திரம் கிடையாது, அதனால் அச்சு நடுவில் விழுந்த பழங்காசு என்பதே கொஞ்சம் அபூர்வம்தான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் மனசு கேட்காது.

சங்கத் தலைவரை உனக்கு நினைவிருக்கும், லிப்ட் பழுது பார்த்தவர், நாங்கள் லிப்ட்காரர் என்றே கூப்பிடுவோம். நடு தப்பிய காசை எடுக்கலாமா கூடாதா என்று அவர் வருஷத்துக்கு ஒருமுறை பாடம் எடுப்பார். போன வருஷமும் எடுத்தார். "எவ்வளவு தள்ளிச்சுன்னு பாக்காதீங்க, எது வெளிய போச்சுன்னு பாருங்க. லிப்ட் தரைக்கு நாலு விரல் மேல நின்னா காலைத் தூக்கி வெச்சு இறங்கிடலாம், நாலடி மேல நின்னா ஏணி வேணும். ஆனா நாலு விரல்லயே உங்க கால் மாட்டிக்கிட்டா, அதுவும் பெரிய விஷயம்தான்" என்றார். அதாவது ராஜாவின் பின்னந்தலை கொஞ்சம் போனால் போகட்டும், மூக்கு போகக்கூடாது. வெறும் ஓரம் போனால் கவலையில்லை, பெயர் எழுதின இடம் போகக்கூடாது. முகமிருக்கிற பக்கம் சரியாக விழுந்து மறுபக்கம் நழுவியிருந்தால் மன்னிக்கலாம், அதுவே மாறி முகம் நழுவியிருந்தால் யோசிக்க வேண்டும். நடு கச்சிதமாக இருந்து முகம் தேய்ந்து வழுக்கையாக இருப்பதைவிட, கொஞ்சம் தள்ளி விழுந்து கண்ணிமை வரைக்கும் தெரிகிறது மேல். சங்கத்தில் இருக்கிற நம் பல் டாக்டர் குறுக்கே புகுந்து, "நானும் அப்படித்தான், பல்லு கோணலா இருந்தாலும் வேர் கெட்டியா இருந்தா பிடுங்க மாட்டேன்" என்றார். நான் எழுந்து, கண்ணாடிக்கடையில் அப்படிச் சொன்னால் மறுநாள் கடையை மூட வேண்டியதுதான், எனக்கு நடு என்றால் நடு என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டில் வந்து சொன்னேன், அப்பா அச்சகத்தில் இருந்து வந்த களைப்போடு, "உங்க காசுல அச்சு விலகினா அதுக்கு ஒரு கூட்டம், ஒரு பாடம். எங்க அச்சகத்துல விலகினா எனக்கு மெமோ" என்றார்.

அந்தக் கூட்டத்துக்கு அடுத்ததுதான் மாற்றுக் கூட்டம். வருஷத்தில் ஒரு நாள், காசுக்குக் காசு மாற்றிக்கொள்வது, பணம் பேசக்கூடாது. டாக்டர் அன்றைக்கு ஒரு காசை என் முன்னால் வைத்தார். அதே ராஜா, அதே குதிரை, முழுக் குதிரை. மூக்கு முதல் வால் வரை, சுற்றிலும் சமமாக ஓரம், வட்டத்துக்கு நடுவில் அளந்து வைத்தது போல. கொஞ்சம் தேய்ந்திருந்தது, கண் இருக்கிற இடத்தில் கண் இருக்கலாம் என்று நாம்தான் நினைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் நடு அப்படி ஒரு நடு. எனக்கு வாயில் தண்ணீர் ஊறிவிட்டது. அவர் என்னிடம் பாதிக் குதிரை இருப்பது தெரிந்து அதைக் கேட்டார். நீ வீட்டை விட்டுப் போய் ஏழு வருஷம் ஆகிறது, அந்தக் காசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை, வீட்டுக்கு வெள்ளையடித்து உன் நீலக் குதிரையும் போய்விட்டது. குழந்தை மறந்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னிடம் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாய் என்றுதான் கேட்கவில்லை, அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். காசை ஒரு சின்ன உறையில் போட்டு மேலே என் கையாலேயே எழுதினேன். நடு பத்துக்கு மூன்று, குதிரை பாதி, குதிரைக்கு முன்னால் அழுக்கு. உறையை அவர் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் வெற்றியோடு வீட்டுக்கு வந்தேன், வரும் வழியிலேயே மூன்று முறை எடுத்துப் பார்த்தேன்.

அழுக்கு என்று எழுதினேனே, அந்த அழுக்குதான் என் மானத்தை வாங்கியது. காசு அச்சைவிடச் சின்னதாக இருக்கும், அதனால் நடுவில் சரியாக விழுந்த காசுகளில் சுற்றி எழுதின எழுத்தெல்லாம் விளிம்புக்கு வெளியே போய்விடும், யாருக்கும் தெரியாது. உன் குதிரையில் அடி நழுவியதால் பின்பக்கம் போயிற்று, ஆனால் முன்பக்கம், குதிரையின் மூக்குக்கு எதிரே, மற்றவற்றில் வெட்டுப்பட்டுப் போகிற இடம் முழுசாக வந்திருந்தது. டாக்டர் அதை வாரக்கணக்கில் சுத்தத் தண்ணீரில் ஊறவைத்து, பல்லில் காறை எடுக்கிற ஊசியால் துளித்துளியாக மண்ணை எடுத்திருக்கிறார். நாலு எழுத்து வந்துவிட்டது. எங்கள் சங்கத்தில் அந்தக் குதிரைக்காசு பதினோரு பேரிடம் இருக்கிறது, ஒருவர் காசிலும் அந்த எழுத்து இல்லை. டாக்டர் அதைப் பெரிதாகப் படம் எடுத்து, சங்க இதழில் இரண்டு பக்கம் எழுதினார். இதழே நாலு பக்கம்தான். கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டியபோது நான்தான் முதலில் கை தட்டினேன், பின்னால் யாரும் என் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று. லிப்ட்காரர் என் பக்கம் குனிந்து, "கண்ணாடிக்கடை வெச்சிருக்கீங்களே மேடம், அந்த அழுக்கை ஒரு லென்ஸ் வெச்சுப் பாத்திருக்கக் கூடாதா" என்றார். குரல் மெதுவாகத்தான் இருந்தது, நாற்காலி வரிசை மூன்றுக்குக் கேட்டது.

இது நடந்து ஒன்பது நாளில் உன் கடிதம் வருகிறது. அன்றைக்கே முழுக் குதிரையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். மாற்றினதை மாற்றிக்கொள்ளலாம், வீட்டில் ஒரு சின்னக் குழப்பம் என்றேன். என்ன குழப்பம் என்று கேட்டார். மகளிடம் சொல்லாமல் அவளுடைய காசைக் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல என் வாய் வரவில்லை. எனக்கு அந்தக் குதிரை மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது என்றேன். அவர் உறையை எடுத்து என் முன்னால் வைத்து என் எழுத்தையே எனக்குப் படித்துக் காட்டினார். "பத்துக்கு மூணு போட்டிருக்கீங்க. அழுக்குன்னு போட்டிருக்கீங்க. இப்போ எழுத்து வந்ததும் பிரியமா" என்றார். அவர் பேரில் தப்பில்லை, நான் அந்த நாலு எழுத்துக்கு ஆசைப்பட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். அடுத்த வாரம் என்னுடைய நல்ல காசுகள் மூன்றைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுபோனேன், எல்லாம் நடு பிசகாதவை. அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, ரொம்ப அழகு மேடம், ஆனால் எல்லாமே ஒன்றுமே சொல்லாத காசு என்று திருப்பிக் கொடுத்தார். அப்பாவுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டேன், வேறு வழியில்லை. அப்பா திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. எழுந்து போய் உன் அறையில் வெள்ளையடித்த சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தார்.

இப்போது நான் செய்த இரண்டாவது காரியத்தைக் கேள். டாக்டருக்கு அந்தச் சமயம் பார்த்துக் கண்ணாடி வேண்டியிருந்தது, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒன்றாக இருக்கிற லென்ஸ். சண்டையோ சமாதானமோ, இந்தப் பக்கத்தில் அந்த லென்ஸ் போடுகிற கடை நம்முடையதுதான், வந்து உட்கார்ந்தார். உனக்கு அவர் முகம் தெரியுமே, மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். சின்ன வயதில் ஏதோ கதவில் இடித்ததாம். அப்படி இருப்பவர்களுக்கு மூக்கின் நடுவிலிருந்து வலது கண்ணுக்கும் இடது கண்ணுக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும். அளந்தேன். வலது முப்பத்து நாலு, இடது முப்பது. அவர் முகமே பத்துக்கு ஆறு என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டே, எந்தக் காசைக் காட்டினால் மனசு மாறுவார் என்று யோசித்துக்கொண்டே எழுதினேன். எழுதும்போது வலதை இடதில் எழுதிவிட்டேன், இடதை வலதில். சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. அப்படிச் செய்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன் என்பது வேறு, அது எல்லோருக்கும் வருகிற நினைப்பு, ஆனால் செய்யவில்லை. கை செய்துவிட்டது.

கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் அடுத்த கூட்டத்துக்கு வந்தார். லிப்ட்காரர் புதிதாக வாங்கிய ஒரு காசைக் காட்ட, டாக்டர் ஓரக்கண்ணால் பார்த்து இது வட்டமாகவே இல்லை, முட்டை மாதிரி இருக்கிறது, நடுவும் தப்பு என்றார். லிப்ட்காரர் முகம் கறுத்துவிட்டது. பிறகு டாக்டர் தேநீர்க் கோப்பையை மேசைக்கு ஒரு விரல் தள்ளி வைத்தார், அது லிப்ட்காரர் மடியில் இறங்கியது. எல்லோரும் டாக்டருக்குக் கர்வம் தலைக்கேறிவிட்டது, நாலு எழுத்து கண்டுபிடித்தவுடன் பழைய சிநேகிதர் மேல் தேநீர் ஊற்றுகிறார் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அவருடைய புதுக் கண்ணாடி மேல் சந்தேகம் வந்தது. வீட்டுக்கு வந்து கடைப் புத்தகத்தை எடுத்து, அவருடைய பக்கத்தைப் பார்த்தேன். மூக்கு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று நினைத்துப் பார்த்தேன். வலதும் இடதும் இடம் மாறியிருந்தன. இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்த அவருடைய உதவியாளப் பெண், டாக்டருக்குத் தலை சுற்றுகிறதாம், வருகிறவர்களையெல்லாம் அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார், தலைக்குள் படம் எடுத்துப் பார்க்கப் போகிறாராம் என்று சொன்னாள்.

அப்பாவிடம் சொன்னேன். "குதிரை கிடைக்குதோ இல்லையோ, அந்த மனுஷன் தலையைப் படம் எடுக்கறதுக்குள்ள போய்ச் சொல்லு" என்றார். கடையைப் பாதியில் மூடிவிட்டுப் போனேன். அவர் சிகிச்சை அறையில் விளக்கைக் கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். உட்கார வேறு நாற்காலி இல்லை, பல் பிடுங்குகிற நாற்காலியில் உட்கார்ந்தேன், அது தானாகப் பின்னால் சாய்ந்துகொண்டது. கூரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி அப்படி, வாயைத் திறந்தால் மூட முடியாது. லென்ஸில் வலது இடது மாறிப்போனது, மாறினபோது நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன், பத்துக்கு ஆறு என்று சிரித்தது, எல்லாம். அதோடு நிறுத்தியிருக்கலாம், நிற்கவில்லை. அந்தக் காசு என்னுடையதே இல்லை, என் பெண்ணுடையது, ஒன்பது வயதில் மீதிக் குதிரையைக் கேட்டு வாரம் முழுக்கக் காத்திருந்தாள், கிடைக்காமல் தானே வரைந்துகொண்டாள், அவளைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன், ஐந்தாம் தேதி வருகிறாள், கூடத்து வாசலில் வைக்க வேண்டுமாம், அவளுக்கு என்ன பதில் சொல்வேன் என்று தெரியவில்லை என்று சொன்னேன். சொல்லும்போது அழுதேன் என்று நினைக்காதே. படுத்திருந்ததால் கண்ணில் இருந்த தண்ணீர் காதுக்குள் போயிற்று, அவ்வளவுதான்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "மேடம், ரெண்டு நாளா உயில் எழுதறதா வேணாமான்னு யோசிச்சிட்டிருந்தேன்" என்றார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது, முதலில் நான் பயந்துவிட்டேன், அப்புறம்தான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. அந்தக் காசைப் போய் முட்டை என்று சொன்னேனே, லிப்ட்காரரை இனி எப்படிப் பார்ப்பேன் என்று சிரித்தார். நாளைக்கே புது லென்ஸ் போட்டுத் தருகிறேன், லிப்ட்காரரிடமும் நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பொண்ணு காசுன்னு முதல் நாளே சொல்லியிருந்தா அன்னிக்கே எடுத்துக் குடுத்திருப்பேனே. எழுத்தை நான் படம் எடுத்துட்டேன், படிச்சுட்டேன், என் வேலை முடிஞ்சுது" என்றார். நான் சந்தோஷத்தில் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தேன், எழ முடியவில்லை. அதற்குள் அவருக்கு வேறொன்று உறைத்தது. சுவரில் பதிப்பதா, சிமெண்டிலா என்று கேட்டார். ஆமாம் என்று நினைக்கிறேன் என்றேன். என் தலையில் இடி விழுந்திருந்தால்கூட அவர் அவ்வளவு பதறியிருக்க மாட்டார். அந்த வெள்ளியில் சிமெண்ட் பட்டால் எழுத்து போய்விடும், அதற்குப் பேசாமல் தம் கையாலேயே உருக்கிவிடலாம் என்று அரைமணி நேரம் பாடம் எடுத்தார், நானும் வாயைத் திறந்தபடி படுத்துக் கேட்டேன்.

கடைசியில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை. "காசை உங்க கிட்ட குடுக்க மாட்டேன். உங்க கிட்ட குடுத்தா அடுத்த மாத்துக் கூட்டத்துல யாராவது நல்லா நடுவுல விழுந்த கோழி ஒண்ணைக் காட்டினா குதிரையைத் தூக்கிக் குடுத்திடுவீங்க. பொண்ணு கையிலதான் குடுப்பேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுச் சுவத்துல மாட்டிக்கட்டும், சிமெண்ட் கூடாது. அப்புறம் இன்னொண்ணு. அந்தப் பொண்ணு பத்தாவது படிக்கும்போது கடைவாய்ப் பல்லைக் காட்ட வந்துச்சு, ஊசியைப் பாத்ததும் அந்த வாசல் வழியா ஓடிச்சு, பின்னால செருப்பைக்கூட எடுத்துக்கல. வந்து நாற்காலியில உட்காந்து பல்லைக் காட்டினாத்தான் காசு." முழுக் குதிரையைத் திருப்பித் தருகிறேன் என்றேன். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அது உங்களுக்குத்தான் பொருத்தம் என்றார். அதில் ஏதாவது குத்தல் இருக்கிறதா என்று வழியெல்லாம் யோசித்தேன், இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. புது லென்ஸை மறுநாளே போட்டுக் கொடுத்துவிட்டேன், இந்த முறை மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுதினேன். தலைசுற்றல் போய்விட்டது. லிப்ட்காரர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை, நாலாம் நாள் தாமும் ஒரு கண்ணாடி போட வந்தார், அளக்கும்போது இரண்டு முறை சரிபார்க்கச் சொன்னார்.

ஆகவே மகளே, உன் காசைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தது நான் செய்த தப்பு. நடு தப்பியது, பாதிதான் இருக்கிறது, அழுக்காக இருக்கிறது என்று நான் போட்ட மதிப்பெண் எல்லாம் என்னுடைய கண்ணாடிக்கடைப் புத்தி, அதை உன் பொருளின் மேல் போட எனக்கு ஒரு உரிமையும் இல்லை. அப்பா உன்னிடம் இதை அழகாகச் சொல்லச் சொன்னார், எனக்கு இவ்வளவுதான் வருகிறது. நீ கோபமாக இருந்தால் இரண்டு நாள் போன் செய்யாதே, மூன்றாம் நாள் செய். கூடத்துச் சுவர் எவ்வளவு அகலம் என்று அப்பா கேட்கச் சொன்னார், வால் வரைய இடம் போதுமா, அல்லது அங்கேயும் ஜன்னல் குறுக்கே வருமா என்று அவருக்குக் கவலை. குளம்பு மட்டும் தாம் வந்து போட்டுத் தருகிறாராம், அதற்காக முழங்காலை இப்போதே எண்ணெய் தேய்த்துத் தயார் செய்கிறார். ஐந்தாம் தேதி வண்டி காலை பத்து மணிக்கு வந்து சேர்கிறது என்று எழுதியிருந்தாய். டாக்டர் பதினொன்றரைக்கு உன் பெயரை எழுதிவைத்துவிட்டார், உதவியாளப் பெண் வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்காரப் போகிறாளாம். நான் கூடவே வருகிறேன், கையைப் பிடித்துக்கொள்கிறேன், ஆனால் அறைக்குள் வர மாட்டேன், அந்த நாற்காலியைப் பார்த்தால் எனக்கு இன்னும் என்னென்னவோ ஒப்புக்கொள்ளத் தோன்றுகிறது.

நீயும் உன் தோழிகளும் தொடங்குகிற வேலை கை நிறைய, கண் நிறைய வளரட்டும். வாசலில் நுழைகிற ஒவ்வொருவரும் அந்தக் குதிரையின் மீதியைத் தேடி உள்ளே வரட்டும். உடம்பையும் உறக்கத்தையும் பார்த்துக்கொள். இன்றிலிருந்தாவது இரண்டு வேளையும் பல் துலக்கு, கடைவாய்ப் பக்கம் விட்டுவிடாதே, செருப்பு இந்த முறை வார் வைத்ததாகப் போட்டுக்கொண்டு வா, கழற்றிப் போட்டுவிட்டு ஓட வராதபடி.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும், உன் பொருள் எதையும் இனித் தொடாத,
அம்மா